நெரிசலில் மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார்: கிளட்சைத் தீர்க்காமல் ஓட்டுவது எப்படி?

பத்து வருடம் சாதாரண மேனுவல் கார் ஓட்டிய பழக்கம் எனக்கு இருந்தது. அதனால் ஆறு கியர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கியபோது எந்தத் தயக்கமும் வரவில்லை. எட்டே மாதத்தில் கிளட்ச் தேய்ந்து தீர்ந்துவிட்டது. நான் வேகமாக ஓட்டியதில்லை, பந்தயத் தடத்தின் பக்கம் போனதும் இல்லை. தினமும் வேலைக்குப் போகும் வழியில், நெரிசலில், நடக்கிற வேகத்தில் ஊர்ந்து ஊர்ந்தே அதைத் தேய்த்திருக்கிறேன்.

சாதாரண காரில் இந்தப் பழக்கம் இவ்வளவு சீக்கிரம் அடி கொடுக்காது. ஸ்போர்ட்ஸ் காரில் கொடுக்கும். அதன் ஃபர்ஸ்ட் கியர் நீளமானது (இன்ஜின் மெதுவாகச் சுற்றினாலும் வண்டி வேகமாகப் போகும்), ஃப்ளைவீல் (இன்ஜினோடு சுழன்று அதன் சுழற்சியைச் சீராக வைக்கும் சக்கரம்) பெரும்பாலும் எடை குறைந்தது, கிளட்ச் பெடல் கனமானது. இந்த மூன்றும் சேர்ந்து, பெடலைப் பாதியில் பிடித்துக்கொண்டே ஓட்டும்படி உங்களைத் தள்ளும். அப்போது கிளட்ச் தட்டு வழுக்கித் தேயும். அந்த 'ஹாஃப் கிளட்ச்' நேரத்தை எவ்வளவு குறைக்கிறீர்களோ அவ்வளவு நாள் கிளட்ச் நிற்கும். கீழே நான் எழுதியிருக்கும் எல்லாமே அந்த ஒன்றைக் குறைப்பதற்கான வழிகள்தான்.

1. முதலில் காகிதங்கள்

சாவியைக் கையில் எடுப்பதற்கு முன் நான்கு காகிதங்களைப் பாருங்கள். முதலாவது, ஓட்டுநர் உரிமம். பல நாடுகளில் ஆட்டோமேட்டிக் காரில் தேர்வு கொடுத்து வாங்கிய உரிமத்தை வைத்து மேனுவல் ஓட்டக் கூடாது. உங்கள் உரிமத்தில் அப்படி ஏதாவது குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் ஓட்டி, விபத்து நடந்துவிட்டால் காப்பீட்டில் பெரிய சிக்கல் வரும்.

இரண்டாவது, காரோடு வரும் உரிமையாளர் கையேடு. யாரும் படிப்பதில்லை, நானும் படிக்கவில்லை. ஏற்றத்தில் வண்டியைப் பிடித்து வைக்கும் வசதி இருக்கிறதா, ரிவர்ஸ் கியருக்கு வளையத்தைத் தூக்க வேண்டுமா இல்லை லிவரைக் கீழே அழுத்த வேண்டுமா, கிளட்சுக்கு எந்த எண்ணெய், எத்தனை வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பின்னால் பத்து கார்கள் ஹாரன் அடிக்கும்போது ரிவர்ஸ் எப்படி விழும் என்று தேடுவது கொடுமை. வீட்டு வாசலிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சர்வீஸ் பதிவுகள். பழைய கார் என்றால் கிளட்ச் எப்போது மாற்றப்பட்டது, அப்போது ஃப்ளைவீலும் மாற்றப்பட்டதா என்று பாருங்கள். முந்தைய உரிமையாளர் பந்தயக் கிளட்ச் போட்டிருந்தால் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த வகைக் கிளட்ச் 'பட்'டென்று பிடிக்கும், மெல்ல நகர்த்தவே விடாது. நெரிசலில் தினமும் ஓட்டப்போகிறவர் அந்த வண்டியை வாங்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

நான்காவது, வாரன்டியும் காப்பீடும். கிளட்ச் தட்டு தேயும் பொருள் என்பதால் பெரும்பாலான வாரன்டிகள் அதை ஏற்பதில்லை. நான் வாங்கிய இடத்தில் "எல்லாம் வாரன்டியில் இருக்கிறது" என்று வாயால் சொன்னார்கள். கிளட்ச் தீர்ந்த பிறகுதான் விலக்குப் பட்டியலை எடுத்துப் படித்தேன். நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

2. இருக்கையைச் சரிசெய்யுங்கள்

ஸ்போர்ட்ஸ் காரில் கால் நீட்டிச் சாய்ந்து உட்காரத் தோன்றும். நெரிசலுக்கு அது ஆகாது. கிளட்சை முழுதாக மிதித்த நிலையிலும் இடது முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். கால் விறைப்பாக நீண்டுவிட்டால் கடைசி ஓரிரு சென்டிமீட்டர் மிதிபடாது. அப்போது கிளட்ச் முழுதாக விடுபடாமல், கியர் விழும்போது உரசும்.

குதிகாலைத் தரையில் ஊன்றி, பாதத்தின் முன்பகுதியால் மிதியுங்கள். மெல்லிய, தட்டையான அடி உள்ள செருப்போ ஷூவோ போடுங்கள். தடித்த ஷூ போட்டால் பெடலின் உணர்வே காலுக்குத் தெரியாது. மிதிக்காத நேரத்தில் கால் பக்கவாட்டில் உள்ள கால் மேடையில் இருக்கட்டும். பெடல் மேல் லேசாக வைத்திருப்பதும் மிதிப்பதுதான், மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் 'ரிலீஸ் பேரிங்' வீணாகத் தேயும்.

3. காலி இடத்தில் மூன்று நாள்

நேராகச் சாலைக்குப் போகாதீர்கள். சமதளமான ஒரு காலி இடத்தில், மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம் போதும்.

முதல் நாள், ஆக்சிலேட்டரைத் தொடவே தொடாதீர்கள். ஃபர்ஸ்ட் போட்டு, கிளட்சை மிக மெதுவாக விடுங்கள். ஓர் இடத்தில் ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண்) முள் சற்றுக் குறையும், வண்டியின் மூக்கு லேசாக எழும். அதுதான் கிளட்ச் பிடிக்கும் இடம். வண்டி உருளத் தொடங்கும்வரை அங்கே ஒரு கணம் நிறுத்தி, பிறகு முழுதாக விடுங்கள். இதையே 30, 40 முறை செய்யுங்கள். வண்டி ஆஃப் ஆனால் பரவாயில்லை. எடை குறைந்த ஃப்ளைவீல் உள்ள இன்ஜின் சுழற்சியைச் சட்டென்று இழக்கும், ஆகவே முதல் நாள் பலமுறை ஆஃப் ஆகும். இடையிடையே சில நிமிடம் நிறுத்தி கிளட்சை ஆற விடுங்கள்.

இரண்டாவது நாள், உங்கள் காரின் 'ஊர்ந்து போகும் வேகம்' என்ன என்று பாருங்கள். ஃபர்ஸ்ட் கியரில், கிளட்சிலும் ஆக்சிலேட்டரிலும் கால் இல்லாமல், ஐடிலிங்கிலேயே சமதளத்தில் போகவிட்டு ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். கணக்குப் போட்டும் தெரிந்துகொள்ளலாம். ஃபர்ஸ்ட் கியர் 7500 ஆர்.பி.எம்.மில் 65 கி.மீ. வேகம் தரும் வண்டி, 800 ஆர்.பி.எம். ஐடிலிங்கில் ஏறத்தாழ 7 கி.மீ. வேகத்தில் போகும். இந்த எண்ணை மனதில் வையுங்கள். நெரிசலில் எல்லா முடிவுக்கும் அடிப்படை இதுதான். அதைவிட மெதுவாகத் தொடர்ந்து போக வேண்டுமென்றால் ஹாஃப் கிளட்ச்சைத் தவிர வேறு வழி கிடையாது. அந்த வேகத்துக்குக் கீழே நிற்பதா, இல்லை ஊர்ந்து போகும் வேகத்தில் கொஞ்சம் தூரம் போவதா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாவது நாள், ஆக்சிலேட்டர் சேர்த்துக் கிளம்பப் பழகுங்கள். 1200 முதல் 1500 ஆர்.பி.எம். வரை பெரும்பாலான கார்களுக்குப் போதும். பயத்தில் 3000-க்கு ஏற்றிவிட்டு கிளட்சை வழுக்கவிடுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. ஆர்.பி.எம். இரட்டிப்பானால் தட்டில் ஏறும் சூடு இரட்டிப்புக்கும் மேல் ஆகிவிடும். ஏ.சி. போட்டும் ஒருமுறை பழகிப் பாருங்கள். கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும் கணத்தில் இன்ஜினுக்குச் சுமை கூடி, கிளம்பும் உணர்வு மாறும். 'ஸ்போர்ட்' மோடு இருந்தால் அணைத்துவிடுங்கள், அதில் ஆக்சிலேட்டர் துள்ளும்.

கிளம்புவதற்கு எவ்வளவு ஆர்.பி.எம். வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். டொயோட்டாவின் பழைய 86 காரில் அதிகபட்ச இழுவிசை 6400 ஆர்.பி.எம்.முக்கு மேல்தான் வரும். அதற்குப் பின் வந்த ஜிஆர்86 காரில் 3700-லேயே வந்துவிடும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் நெரிசலில் இரண்டும் வேறு வண்டிகள். 9000 ஆர்.பி.எம். வரை சுற்றும் முதல் தலைமுறை ஹோண்டா எஸ்2000 மாதிரியான கார்கள் கீழே சற்று மெலிந்தே இழுக்கும், கூடுதல் ஆக்சிலேட்டர் கேட்கும். நண்பரின் காரில் கற்றதை உங்கள் காரில் அப்படியே செய்யாதீர்கள்.

4. ஊர்ந்து போகும் நெரிசல்

இதில்தான் என் கிளட்ச் போனது. அதனால் இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முன்னால் உள்ள கார் இரண்டு மீட்டர் நகர்கிறது, நின்றுவிடுகிறது. நீங்களும் இரண்டு மீட்டர் நகர்த்துகிறீர்கள். அந்த இரண்டு மீட்டர் முழுக்க ஹாஃப் கிளட்ச்தான், ஏனென்றால் கிளட்சை முழுதாக விடவே இடமில்லை. இப்படி நூறு முறை செய்தால், நூறு முறை கிளம்பிய தேய்மானம் வரும், போன தூரமோ 200 மீட்டர்தான்.

இதற்குப் பதிலாகப் பொறுங்கள். முன்னால் இரண்டு, மூன்று கார் நீளத்துக்கு இடம் விழட்டும். அதற்குப் பிறகு ஃபர்ஸ்ட்டில் கிளம்பி, கிளட்சை முழுதாக விட்டுவிட்டு, ஐடிலிங்கிலேயே அந்த இடைவெளியைக் கடந்து போங்கள். நீங்கள் நெருங்கும்போது பல சமயம் முன்னால் உள்ளவர் மறுபடி நகர்ந்திருப்பார், நிற்கவே வேண்டியிருக்காது. இடைவெளி தீர்ந்துவிட்டால் கிளட்சை முழுதாக மிதித்து, பிரேக் போட்டு, நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள்.

முன்னால் உள்ள காரை மட்டும் பார்க்காதீர்கள். ஸ்போர்ட்ஸ் காரில் தாழ்வாக உட்கார்ந்திருப்பதால் அதன் பின்பக்கமே கண்ணை மறைக்கும். அதன் கண்ணாடி வழியாகவும் பக்கவாட்டிலும் நான்கைந்து வண்டி தள்ளி எரியும் பிரேக் விளக்குகளைப் பாருங்கள். அங்கே சிவப்பு அணைந்த பிறகும் உங்கள் முறை வரச் சில விநாடி இருக்கும். அந்த நேரத்தில் நிதானமாக ஃபர்ஸ்ட் போடலாம். முன்னால் லாரியோ பஸ்ஸோ இருந்தால் வாய்ப்புக் கிடைக்கும்போது வரிசை மாறிவிடுங்கள், முன்னே நடப்பது எதுவும் தெரியாது.

"இடைவெளி விட்டால் யாராவது உள்ளே நுழைந்துவிடுவார்களே" என்பீர்கள். நுழைவார்கள்தான். 7 கி.மீ. வேகம் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர். ஒரு கார் உள்ளே வந்தால் நீங்கள் இழப்பது மூன்று, நான்கு விநாடி. பத்து கார் நுழைந்தாலும் ஒரு நிமிடம்கூட ஆகாது. மனதுக்கு உறுத்தும், எனக்கும் முதலில் உறுத்தியது. ஆனால் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன்: 11 கி.மீ. பயணத்தில் 140 முறைக்கு மேல் கிளட்ச் மிதித்திருந்தேன். இடைவெளி விட்டு ஓட்டப் பழகிய பிறகு அதே பாதையில் 60 முறைக்குள் வந்தது. போய்ச் சேரும் நேரத்தில் எந்த மாற்றமும் இல்லை.

பின்னால் உள்ளவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இடைவெளி நியாயமான அளவில் இருக்க வேண்டும். சந்திப்பை அடைத்துக்கொண்டோ, பின்னால் உள்ளவர் சிக்னலைத் தவறவிடும்படியோ நின்றால் அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

5. ஃபர்ஸ்ட்டா, செகண்டா?

ஊர்ந்து போகும் வேகத்தில் ஃபர்ஸ்ட். அதற்குமேல் 12, 15 கி.மீ. தாண்டி நெரிசல் ஓடத் தொடங்கினால் செகண்ட். ஃபர்ஸ்ட்டில் அந்த வேகத்தில் ஆக்சிலேட்டரை லேசாக விட்டாலே வண்டி உதறும், செகண்டில் அடங்கிவிடும். செகண்டில் இன்ஜின் முக்கத் தொடங்கும்போது கிளட்சை மிதித்துவிடுங்கள்.

செகண்டிலிருந்து ஃபர்ஸ்ட்டுக்கு உருண்டுகொண்டே இறங்கும்போது அவசரப்படக் கூடாது. வண்டி கிட்டத்தட்ட நிற்கும்வரை பொறுத்துப் போடுங்கள், லிவர் தானாக விழும். விழ மறுத்தால் தள்ளாதீர்கள். நியூட்ரலில் கிளட்சை ஒருமுறை விட்டு, ஆக்சிலேட்டரை லேசாகத் தட்டி, மறுபடி மிதித்துப் போட்டால் வெண்ணெய் மாதிரி விழும்.

காலையில் முதல் சில கிலோமீட்டருக்குக் கியர்பாக்ஸ் எண்ணெய் குளிர்ந்திருக்கும். அப்போது செகண்ட் கியர் முரண்டு பிடிப்பது பல கார்களில் இயல்பு. பழுது என்று பயப்பட வேண்டாம், மெதுவாகப் போடுங்கள். ஐந்தாம், ஆறாம் தலைமுறை மேனுவல் செவ்ரோலே கார்வெட் மாதிரி சில கார்களில் மெதுவாக ஓட்டினால் ஃபர்ஸ்ட்டிலிருந்து நேராக நான்காவதுக்குத் தள்ளும் அமைப்பு உண்டு. உங்கள் காரில் இருந்தால் சற்றுக் கூடுதல் ஆக்சிலேட்டர் கொடுத்து மாற்றுங்கள், தடுக்காது.

6. சிக்னலில்

நின்றதும் நியூட்ரல், கிளட்சிலிருந்து கால் வெளியே. கிளட்சை மிதித்தபடி ஒன்றரை நிமிடம் காத்திருந்தால் ரிலீஸ் பேரிங் தேயும், உங்கள் முழங்காலும் வலிக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வரிசையில் கடைசி வண்டி நீங்கள் என்றால், பின்னால் வருகிறவர் நின்றுவிட்டாரா என்று கண்ணாடியில் பார்க்கும்வரை ஃபர்ஸ்ட்டிலேயே இருங்கள், பிரேக் விளக்கும் எரியட்டும். தாழ்ந்த கார் பின்னால் வருகிறவர் கண்ணில் தாமதமாகத்தான் படும்.

வண்டி ஆஃப் ஆகிவிட்டால் பதறாதீர்கள். பிரேக், கிளட்ச், ஸ்டார்ட் என்ற வரிசையை வீட்டிலேயே பழகிவையுங்கள். மூன்று விநாடி வேலை. சில புதிய கார்களில் கிளட்சை மிதித்தாலே இன்ஜின் தானாக ஸ்டார்ட் ஆகும்.

7. ஏற்றத்தில்

கிளட்சைப் பாதியில் பிடித்தே வண்டியை ஏற்றத்தில் நிறுத்தி வைப்பது சிலருக்குத் திறமை மாதிரித் தெரியும். கிளட்ச் தட்டைக் கருக்குவதற்கு அதைவிட விரைவான வழி இல்லை. ஹேண்ட் பிரேக் போடுங்கள். கிளம்பும்போது கிளட்ச் பிடித்து மூக்கு எழுவதை உணர்ந்த பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள்.

ஏற்றத்தில் தானாகப் பிடித்து வைக்கும் வசதி பொதுவாக இரண்டு விநாடி அளவுக்குத்தான் பிடிக்கும். நிற்பதற்கு அதை நம்பாதீர்கள், கிளம்புவதற்கு மட்டும் அது. பின்னால் வருகிறவர் ஒட்டி நிற்கலாம் என்பதால், நிற்கும்போதே முன்னால் அரை மீட்டர் கூடுதலாக இடம் விட்டு நின்று, தேவைப்பட்டால் மெல்ல முன்னே நகருங்கள்.

8. தாழ்ந்த வண்டியின் தொல்லைகள்

வேகத்தடையைச் சாய்வாகக் கடந்தால், ஒரு சக்கரம் ஏறிய பிறகு இன்னொன்று ஏறும், வயிறு உரசும் வாய்ப்பு குறையும். ஆனால் ஃபர்ஸ்ட்டில் உருண்டு ஏறுங்கள், ஹாஃப் கிளட்ச்சில் தொங்கவிடாதீர்கள். நிலத்தடிப் பார்க்கிங்கின் சரிவு எவ்வளவு செங்குத்து என்று முதல் முறை நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள்.

இரு சக்கர வண்டிகள் இருபுறமும் உரசிக்கொண்டு வரும், பின்கண்ணாடிக்குப் பக்கத்தில் உள்ள அகன்ற தூண் அவற்றை மறைத்துவிடும். கிளட்சை விடுவதற்கு முன் இரண்டு பக்கக் கண்ணாடியையும் ஒருமுறை பாருங்கள். கால் வேலையில் கவனம் போய் இதை மறப்பதுதான் உண்மையான ஆபத்து.

9. கருகல் வாடை வந்தால்

பொசுங்கிய பிரேக் மாதிரி, கருகிய காகிதம் மாதிரி ஒரு வாடை வரும். ஒருமுறை வந்தால் கிளட்ச் தீர்ந்துவிட்டது என்று பொருள் இல்லை. பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, நியூட்ரலில் 15, 20 நிமிடம் ஆறவிடுங்கள். கிளம்பிய பிறகு ஒரு நாள் மென்மையாக ஓட்டுங்கள்.

கீழ்க்கண்டவை வேறு விஷயம், தள்ளிப்போடாதீர்கள். நான்காவது அல்லது ஐந்தாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஆர்.பி.எம். ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் தட்டு வழுக்குகிறது. பெடல் பஞ்சு மாதிரி ஆனாலோ தரையிலேயே தங்கிவிட்டாலோ, எண்ணெய் கசிகிறது அல்லது சூட்டில் கொதித்திருக்கிறது. பெடலின் அழுத்தத்தைக் கடத்தும் கிளட்ச் எண்ணெய் பெரும்பாலும் பிரேக் எண்ணெயேதான், அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத்தின்படி புதிய எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு அது 155 வரை இறங்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் மிகக் குறைந்த செலவில் பெரிய தொல்லை தீரும். பல கார்களில் இரண்டுக்கும் ஒரே கிண்ணம் என்பதால், இதை விட்டால் பிரேக்கும் கெடும்.

10. கிளட்ச் மாற்ற வேண்டி வந்தால்

செலவில் பெரும்பங்கு கூலி. கிளட்ச் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருப்பதால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், இன்ஜின் நடுவிலோ பின்னாலோ உள்ள கார்களில் வேலை இன்னும் கூடும். என் பில்லில் தட்டின் விலை கால் பங்குகூட இல்லை.

அதனால்தான் தட்டை மட்டும் மாற்றிவிட்டு மூடச் சொல்லாதீர்கள். தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் கூடவே மாறட்டும். ஃப்ளைவீலைப் பார்த்து, தேய்மான அளவை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அதிர்வைக் குறைக்க இரண்டு பகுதியாகச் செய்யப்பட்ட இரட்டை நிறை ஃப்ளைவீல் விலை அதிகம், கேட்டதும் விட்டுவிடலாம் என்று தோன்றும். அது போயிருந்தால் அதே கூலியை ஒரு வருடத்தில் இன்னொரு முறை கொடுக்க வேண்டிவரும். வேலை தொடங்கும் முன் பாகங்களின் பட்டியல், கூலி மணிக்கணக்கு, முடியும் நாள் மூன்றையும் எழுதி வாங்குங்கள். எனக்கு "ரெண்டு நாள்" என்று சொன்ன வேலை, பாகம் வர ஒன்பது நாள் ஆனது. பாகங்கள் கைக்கு வந்த பிறகு வண்டியைக் கொடுத்தால் போதும். கழற்றிய பழைய தட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தட்டு ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் பழக்கமும் ஓடிய தூரமும் காரணம், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்காமல் மூட விடாதீர்கள்.

புதிய கிளட்ச் படிய வேண்டும். பொதுவாக முதல் 500 முதல் 800 கி.மீ. வரை மென்மையாக, கியர்களை அடிக்கடி மாற்றி ஓட்டச் சொல்வார்கள். அந்த நாட்களில் நெருக்கடி நேரத்தைத் தவிர்க்க நான் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்பினேன், பயணம் 50 நிமிடத்திலிருந்து 25 நிமிடமாகக் குறைந்தது. கிளட்ச் படிந்த பிறகும் அதே நேரத்துக்குத்தான் கிளம்புகிறேன்.